கல்லாவில் உட்கார்ந்த இன்னொரு அய்யாதுரை

எனக்கு இந்த உலகத்தில் இரண்டு பேர் மேல் பொறாமை. ஒருவன் தனபாலன், என் சகலை. அவன் மேல் ஏன் பொறாமை என்று கேட்டால் நாள் பூராவும் சொல்வேன். இன்னொருவன் பெயர் அய்யாதுரை. தி.நகர் ஸ்ரீ முத்துமாலை அம்மன் ஜவுளி ஸ்டோர்ஸின் அடையாறு கிளையில் கல்லா அவனுடையது. என் பெயரும் அய்யாதுரைதான். இரண்டு பேருக்கும் அப்பா ஒருவர், ஊர் ஒன்று, வலது புருவத்தில் இருக்கிற தழும்பும் ஒன்று. அவன் நான்தான் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும், என் பெண்டாட்டிக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியாது.

நடந்ததைக் கோபப்படாமல் சொல்லப் பார்க்கிறேன். எங்கேயாவது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடை முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி எனக்குத் தாய்மாமா. என் அம்மா இசக்கியம்மாள் அவர் கூடப் பிறந்த அக்கா. அம்மா காலமானதும் மாமா என்னை ஊரிலிருந்து கூட்டி வந்து, உஸ்மான் ரோட்டுக் கடையில் லைனிங் துணி கிழிக்கிற இடத்தில் நிறுத்தினார். சில வருஷம் கழித்துத் தன் மூத்த மகள் முத்துலட்சுமியை எனக்கே கட்டி வைத்தார். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். சொத்து வெளியே போகாது, சண்டையும் வெளியே போகாது. ஆக, மாமாவுக்கு நான் இரண்டு பக்கத்திலும் உறவு. அக்கா மகனும் நான்தான், மகளைக் கட்டியவனும் நான்தான். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன உரிமை வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இளைய மகள் பங்கஜத்தைக் கட்டிக்கொண்டு தனபாலன் வந்தான். பி.காம். படித்தவன். கடைக்குள் பேன்ட் போட்டுக்கொண்டு வருவான். நான் லைனிங் துணியைப் பல்லால் கடித்துக் கிழிக்கும்போது அவன் ஜார்ஜெட் சேலையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவான். பெண்கள் அவனிடம் விலை கேட்பதில்லை, யோசனை கேட்பார்கள். பார்த்துப் பார்த்து என் வயிறு எரியும். அவன் கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம். "அண்ணே, சாப்ட்டீயளா?" என்று அன்பாகக் கேட்டுத் தொலைப்பான்.

எழுபத்து நாலில் அடையாறு எல்.பி. ரோட்டில் கிளை திறப்பது என்று முடிவாயிற்று. அங்கே கல்லாவில் யார் உட்காருவது என்பதுதான் கேள்வி. கல்லா என்றால் வெறும் பணப்பெட்டி இல்லை. அம்மன் படத்துக்கு நேர் கீழே, வாசலைப் பார்த்த நாற்காலி. அதில் உட்கார்ந்தவனைத் தெருவில் போகிறவன்கூட "அண்ணாச்சி" என்று கூப்பிடுவான். பதினாலு வருஷமாக என்னை எல்லாரும் "லைனிங்" என்றுதான் கூப்பிட்டார்கள். "லைனிங், இங்க வா." "லைனிங் சாப்பிடப் போயிருக்கு." எனக்கு அந்த நாற்காலி வேண்டும். தனபாலனுக்குக் கிடைக்கக் கூடாது. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் இன்றைக்கும் யோசித்துத்தான் சொல்வேன்.

மாமா யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கேட்டால், "பாப்பம்ல" என்பார். இரண்டு மகள்களும் தனித்தனியாக அழுதார்கள். "பாப்பம்மா" என்றார்.

இந்த நேரத்தில்தான் எதிர்க்கடைக்காரர் லிப்ட் வைத்தார். மூன்றாம் மாடிக்குப் போக விரும்பாதவர்கள்கூட அதில் ஏறிப் போய்விட்டு இறங்கி வந்தார்கள். மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் நின்று அந்த லிப்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு நாள், "லிப்டு என்னல லிப்டு, நாம கம்ப்யூட்டரு வைப்பம்" என்றார். இப்படியாகப் பொறாமையில்தான் எங்கள் கடையில் விஞ்ஞானம் புகுந்தது.

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் 'தென்மண்டல வணிக நவீனமாக்க ஆலோசனை நிலையம்' என்று ஒன்று இருந்தது. பெயரைப் படித்து முடிப்பதற்குள் வாசல் தாண்டிவிடும். அங்கே பவுல்சாமி என்று ஒரு டைரக்டர். சாந்தோம்காரர், கழுத்தில் டை, கையில் எப்போதும் ஒரு நீளக் குச்சி. மாமாவும் நாங்கள் இரண்டு மருமகன்களும் போனோம். கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் நுழைய ஏகப்பட்ட சடங்கு. செருப்பைக் கழற்ற வேண்டும், கால் கழுவ வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும். கர்ப்பக்கிரகம் என்று நினைத்து மாமா சட்டையையும் கழற்றப் போனார். பவுல்சாமி தடுத்துவிட்டு, "நெற்றியில் இருப்பதை மட்டும் அழித்துவிடுங்கள். பொடி உதிர்ந்தால் மெஷினுக்கு ஆகாது" என்றார். மாமா விபரம் தெரிந்த நாளிலிருந்து திருநீறு இல்லாமல் வெளியே வந்ததில்லை. ஒரு நிமிஷம் யோசித்தார். எதிர்க்கடை லிப்ட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

உள்ளே குளிர் தாங்கவில்லை. பீரோ மாதிரி சில பெட்டிகள் நின்று உறுமின. பவுல்சாமி சுவரில் தொங்கிய ஒரு படத்தைக் குச்சியால் தொட்டார். ஒரு மரம், தலைகீழாக.

"ஐயா, உலகம் ஏன் குழப்பமாக இருக்கிறது? ஒவ்வொன்றும் பலவற்றோடு ஒட்டிக்கொண்டிருப்பதால். நாங்கள் அதைச் சரிசெய்கிறோம். எங்கள் முறையில் எதற்கும் மேலே ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எதைத் தேடினாலும் உச்சியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். நடுவில் எதையாவது எடுத்துவிட்டால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தானாகப் போய்விடும். எவ்வளவு சுத்தம், பாருங்கள்."

"வேரு மேல இருக்கே?" என்றார் மாமா.

"ஆமாம். இயற்கை அதைத் தவறாகச் செய்திருக்கிறது" என்றார் பவுல்சாமி. "நான் பம்பாயில் ஆறு வாரம் பயிற்சி பெற்றவன். எனக்கு மேலே இருப்பவர் இரண்டு வாரம்தான் பெற்றார். அவருக்கும் மேலே இருப்பவர் பயிற்சிக்கே போகவில்லை. மேலே போகப் போகத் தெரிய வேண்டியது குறைந்துகொண்டே வரும். அதுதான் இந்த மரத்தின் அழகு."

மாமாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தனபாலன் எல்லாம் புரிந்தமாதிரி தலையாட்டினான். எனக்கு எதுவும் புரியவில்லை. அவன் ஆட்டுகிறானே என்று நானும் ஆட்டினேன்.

முதலில் சரக்கை மரமாக்கினார்கள். உச்சியில் ஜவுளி. அதன் கீழே ஆண், பெண். ஆணின் கீழே உடுப்பது, போர்த்துவது. போர்த்துவதன் கீழே தோள், தலை. தோளின் கீழே துண்டு. மரத்தை வாசல் சுவரில் பெயின்டால் எழுதிவைத்தார்கள். உச்சி என்பதால் 'ஜவுளி' மூன்றாம் மாடிக்குப் போயிற்று. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சேல்ஸ்மேன். தனக்கு நேர் கீழே உள்ள கிளை எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியலாம், வேறெதுவும் தெரியக் கூடாது. கடையில் பொறாமை கொழுந்துவிட்டது. 'தலை' சேல்ஸ்மேன், தன்னைப் போய் 'தோள்' மட்டத்திலேயே எழுதிவிட்டார்கள் என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டான். படிக்கட்டுக்கு அடியில் தையல் மெஷின் போட்டு, எந்தச் சேலை வந்தாலும் ஓரம் அடித்துக் கொடுக்கிற பீர் முஹம்மதுவைப் பட்டுக்குக் கீழே எழுதினார்கள். அதன்பிறகு நூல் சேலைக்கு ஓரம் அடிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

"நூலுக்குக் கீழயும் ஒரு பீர் முஹம்மது வேணும்னா, எங்க வாப்பாவதான் கேக்கணும்" என்றார் அவர், மெஷினை மூடிவிட்டு.

அப்போது நான் சிரித்தேன். என் தலையில் விழப்போவதைத்தான் அவர் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ராயப்பேட்டையிலிருந்து அம்மாசி என்ற ஆள் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் செய்கிறவர், எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிறவர்.

"நைனா, சீக்கிரம் ஒரு துண்டு குடு. மாமனாரு பூட்டாரு. கோடி போடணும், எல்லாரும் வெயிட் பண்ணிக்கினு கீறாங்கோ."

துண்டு என் கைக்கு எட்டும் தூரத்தில், கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஆனால் எடுக்கக் கூடாது. "மூணாவது மாடிக்குப் போங்க, அங்கருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றேன். ஏறினார். ஜவுளியில் இருந்தவன் ஆணா பெண்ணா என்று கேட்டு இரண்டாம் மாடிக்கு அனுப்பினான். அங்கே உடுப்பதா போர்த்துவதா என்றார்கள். "பொணத்துக்குப்பா" என்றார். போர்த்துவது என்று எழுதிக் கீழே அனுப்பினார்கள். அங்கே தோளா தலையா என்று கேட்டார்கள். கடைசியில் நான் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற அதே அலமாரிக்கு வந்து சேர்ந்தார். துண்டு சேல்ஸ்மேன், "குளிக்கவா, விசேஷத்துக்கா?" என்றான். மரத்தில் அந்த இரண்டு கிளைதான் உண்டு. சாவுக்கு ஒரு கிளை போட வேண்டாம், அபசகுனம் என்று மாமாதான் சொல்லியிருந்தார்.

"இன்னாடா கடை நடத்துறீங்க? ஒரு துண்டு கேட்டா மலையேத்தி எறக்கினு கீறீங்க! அவரு எயுந்து வந்து அவரே வாங்கிக்குவாரு போல கீது!" என்று கத்திவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். துண்டு கீழ்த்தளத்திலேயே கிடைத்தது. இருந்தாலும் ஒரு தடவை லிப்டில் ஏறிவிட்டுத்தான் போனார் என்று கேள்வி.

வியாபாரம் குறைந்தது. பவுல்சாமி வந்து பார்த்துவிட்டு, "மரம் சரியாக வேலை செய்கிறது. ஜனங்கள்தான் இன்னும் மரத்துக்குப் பழகவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார். மாமாவும் ஆமாம் என்றார். அவர் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. எனக்கு அது ஏனோ பிடிக்கவில்லை. பிறகுதான் காரணம் வெளியே வந்தது. "அடையாறு கல்லா விசயத்தையும் மெஷின்கிட்டயே விட்டுரலாம்னு இருக்கேன். நான் சொன்னா ஒரு மவ அழுவா. மெஷின் சொன்னா யாரப் போயி கேக்கது?" என்றார்.

குடும்பத்தையும் கடைச் சிப்பந்திகளையும் சேர்த்து ஒரே மரமாக்கினார்கள். மெஷினுக்கு விவரம் ஊட்ட அட்டையில் ஓட்டை போடுகிற காமாக்ஷி என்ற மயிலாப்பூர்ப் பெண் எங்களைக் கூப்பிட்டு விவரம் கேட்டது. என் முறை வந்தபோது அதற்கு முகம் சுருங்கியது.

"சார், உங்க பேர் ரெண்டு எடத்துல வரதே. உங்கம்மாக்குக் கீழயும் வரது, உங்க ஆத்துக்காரிக்குக் கீழயும் வரது. எதாவது ஒண்ணு சொல்லுங்கோ."

"ரெண்டும்தாம்மா."

"ரெண்டும் இருக்கப்படாதாமே. எங்காத்துல பாட்டி தன் மாமாவத்தான் கல்யாணம் பண்ணிண்டா. அது மரத்துல எப்படி வரும்னு நேத்து கேட்டேன். பாட்டிய எடுத்துடுன்னுட்டார் சார்."

பவுல்சாமியிடம் போய்க் கேட்டது. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு இடத்தில் வந்தால் இரண்டு பேர் என்றார். அப்படித்தான் நாங்கள் இருவரானோம். இசக்கியம்மாள் மகன், லைனிங் பிரிவு, அய்யாதுரை ஒன்று. முத்துலட்சுமி கணவன் அய்யாதுரை இரண்டு. அந்த நேரத்தில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இரண்டு சீட்டு விழுகிறது, தனபாலனுக்கு ஒன்றுதான் என்று மனசுக்குள் குதூகலம்.

முடிவைச் சொல்ல எல்லாரையும் கடையில் கூட்டினார்கள். பவுல்சாமி ஒரு நீளக் காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். "அடையாறு கிளைப் பொறுப்பு: அய்யாதுரை" என்றார்.

நான் தனபாலனைத்தான் பார்த்தேன். அவன் முகம் ஒரு கணம் விழுந்தது, பார்த்தேன், போதும் என்று இருந்தது. பாண்டி பஜாருக்கு ஆள் அனுப்பி அல்வா வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். தனபாலனுக்கு இரண்டு தரம் கொடுத்தேன். மாமா காலில் விழுந்தேன். எழுந்தபோது பவுல்சாமி என் தோளைத் தட்டி, "நீங்கள் எதற்கு விழுகிறீர்கள்? தேர்வானவர் அய்யாதுரை இரண்டு. தாங்கள் ஒன்று" என்றார்.

"ரெண்டும் நான்தான் சார்!"

"அது வெளியே. மரத்தில் தாங்கள் லைனிங். தங்கள் பெயரில் விடுப்பு, முன்பணம், வாடிக்கையாளர் புகார், அளவு குறைவாகக் கிழித்தது, முதலாளியை எதிர்த்துப் பேசியது எல்லாம் பதிவாகி இருக்கிறது. இரண்டின் பெயரில் ஒரு குறையும் இல்லை. இப்படி ஒரு சுத்தமான மனிதரை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை."

மாமாவைப் பார்த்தேன். அவர் அல்வாவை வாயில் வைத்துக்கொண்டு அம்மன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவள் அப்பாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுக்கு நீங்க எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீய? நீங்க எங்க அத்த மவன். எங்க வீட்டுக்காரருக்குல்லா அடையாறு கடை கெடச்சிருக்கு."

"வெளையாடாத முத்து."

"நான் எங்க வெளையாடுதேன்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு நல்ல எடத்துல ஒக்காந்து பாத்திருக்கேனா உங்கள? அவராச்சும் ஒக்காந்தாரே. பங்கஜம் நாளைக்கு வந்து கேட்டா, 'எங்க வீட்டுக்காரரு அடையாறு முதலாளி'ன்னு சொல்லுவேன். நீங்க குறுக்க வந்து கெடுத்துராதீய."

அன்றைக்கு வஞ்சிரமீன் குழம்பு. எனக்கு ஊற்றும்போது தலைத் துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினாள். "அது அவருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே போட்டாள். ஆனால் எனக்கு இறங்கவில்லை. அவன் தின்ன வேண்டியதைத் தின்பதாக இருந்தது.

அதிலிருந்து அவன் நினைப்பாகவே இருந்தேன். தனபாலன் மேல் பொறாமைப்பட்டால் அவனைப் பார்த்தாவது முறைக்கலாம். இவனை எங்கே போய் முறைப்பது? கண்ணாடியில் முகம் சவரம் செய்யும்போது எரிச்சல் வரும். நல்ல இடத்தில் பெண் எடுத்திருக்கிறான். வேலை எதுவும் செய்வதில்லை. துணி கிழித்துக் கிழித்து என் முன்பல் தேய்ந்துவிட்டது, அவன் பல்லுக்கு என்ன? நான் சம்பாதித்துக் கட்டிய பெயர் ஒன்றுதான் எனக்குச் சொந்தமென்று இருந்தது, அதையும் வைத்துக்கொண்டான்.

தாங்க முடியாமல் கோபாலபுரம் போனேன். திருநீறை நானே அழித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். பவுல்சாமி மரியாதையாக உட்கார வைத்தார்.

"மெஷின் தப்புப் பண்ணிருச்சு சார்" என்றேன்.

"மெஷின் தவறு செய்யாது. தங்கள் குடும்பம்தான் தவறாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒன்று, தங்கள் தாயார் முதலாளிக்கு அக்காவாகப் பிறந்திருக்கக் கூடாது. இல்லையென்றால் தாங்கள் அவர் மகளைக் கட்டியிருக்கக் கூடாது. இரண்டையும் செய்துவிட்டு எங்களைக் குறை சொன்னால் எப்படி?"

"ரெண்டையும் ஒண்ணாச் சேத்துருங்க."

"சேர்க்க வழியில்லை. ஒருவரை எடுக்கலாம். அய்யாதுரை இரண்டை எடுத்தால் அவருக்குக் கீழே உள்ள தங்கள் இரண்டு பிள்ளைகளும் போய்விடுவார்கள். தீபாவளித் துணி வராது. கல்லா தனபாலனுக்குப் போகும். அய்யாதுரை ஒன்றை எடுத்தால் பதினாலு வருஷ சர்வீஸும் சம்பளமும் போய்விடும்."

"சரி, ஒண்ணை எடுங்க!" என்று கத்தினேன். சம்பளம் போனால் போகட்டும். நாற்காலி கிடைத்தால் போதும்.

"எடுக்க ஒன்றின் கையெழுத்து வேண்டும், இரண்டின் சம்மதமும் வேண்டும். அவரை அழைத்து வாருங்கள்" என்றார்.

"அவன்தான் சார் உங்க முன்னால உக்காந்திருக்கான்!"

பவுல்சாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஐயா, இந்த நிலையத்தில் எனக்கும் ஒரு சிக்கல் வந்தது. நான் டைரக்டர், கணக்கும் பார்க்கிறேன். இரண்டு இடத்தில் வந்தேன். கணக்குப் பார்க்கிற பவுல்சாமிக்கு டைரக்டர் பவுல்சாமி மெமோ கொடுத்தார். நான் பதில் எழுதினேன். பதில் திருப்தியாக இல்லை. சம்பள உயர்வை நிறுத்திவிட்டேன். வருத்தம்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?"

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது.

அடையாறு கடைத் திறப்பு விழா ஆவணியில் நல்ல முகூர்த்தத்தில் வைத்தார்கள். வாழை மரம், நாதஸ்வரம், பன்னீர். நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, உச்சி வகிடு எடுத்து, முத்துலட்சுமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கு நான் இரண்டாகத்தான் வந்திருக்கிறேன், யார் தடுப்பார்கள் பார்க்கலாம் என்று நினைப்பு. அம்மன் படத்துக்குக் கீழே நாற்காலிக்கு மாலை போட்டிருந்தது. முத்துலட்சுமியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பலூன் கொடுத்தார்கள். நான் நாற்காலியை நெருங்கினேன்.

"ஏல, நீ இங்க என்ன பண்ணுத? அங்க லைனிங்கை யார்ட்ட விட்டுட்டு வந்த?" என்றார் மாமா.

நாதஸ்வரம் நின்றுவிட்டது. என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாமா..." என்றேன்.

பவுல்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அய்யாதுரை இரண்டு இன்னும் வரவில்லை. முகூர்த்தம் தவறுகிறது" என்றார். மாமா பெருமூச்சு விட்டார். "தனபாலா, அவன் வாரது வரைக்கும் நீ சித்த ஒக்காருப்பா" என்றார்.

தனபாலன் மாலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரொம்பச் சங்கோசமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "அவரு வந்ததும் எந்திரிச்சிருதேன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான். பங்கஜம் முத்துலட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள். நான் பஸ் பிடித்துத் தி.நகர் வந்து, பட்டு வேட்டியோடு லைனிங் கிழித்தேன்.

புரட்டாசியில் ஒரு வேலையாக அடையாறு போனபோது தனபாலன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், அதைச் சொல்லாமல் விட முடியாது. "அண்ணே, அவரு எப்ப வருவாருன்னு எதாச்சும் தெரியுமா?" என்று கேட்டான். கிண்டல் செய்கிறானா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. ஒருவர் பின்னால் ஒருவராக "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரம் இரண்டு கடைச் சிப்பந்திகளுக்கும் மாமா விருந்து வைத்தார். அந்த வருஷத்தின் சிறந்த ஊழியருக்குத் தங்க மோதிரம். தேர்வு மெஷின்தான். பவுல்சாமி காகிதத்தைப் பிரித்தபோது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

"அய்யாதுரை இரண்டு!" என்றார். "நண்பர்களே, இவர் ஒரு நாள் விடுப்பு எடுக்கவில்லை. ஒரு முன்பணம் கேட்கவில்லை. ஒரு வாடிக்கையாளர்கூட இவரைக் குறை சொல்லவில்லை. ஒரு காகிதம்கூட இவரால் வீணாகவில்லை. எல்லா ஊழியர்களும் இப்படி ஆகிவிட்டால் இந்த நாடு எங்கேயோ போய்விடும்."

எல்லாரும் கை தட்டினார்கள். தனபாலன் தட்டினான். பீர் முஹம்மதுகூட என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தட்டினார். மாமா மோதிரத்தை எடுத்துக் காட்டி, தொண்டை கம்ம, "மருமவன்னா இப்படி இருக்கணும்" என்றார். மோதிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லித் தனபாலனிடம் கொடுத்தார். பத்திரமான இடம் என்று அவன் விரலில் போட்டுக்கொண்டான்.

பதினாலு வருஷத்தில் மாமா அந்தக் குரலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பயல் பிறந்தே ஒரு வருஷம் ஆகவில்லை, அவனுக்காக மாமாவுக்குத் தொண்டை கம்முகிறது.

பந்தி முடிந்து மாமா சரக்கு ரூமில் தனியாக இருந்தார். புதிதாக வந்த பட்டுச் சேலை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"மாமா, ஒரே ஒரு கேள்வி. அந்த அய்யாதுரை நான்தான்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

மாமா சேலையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஏல, உன்ன இடுப்புல வச்சு வளத்தவன் நான். புருவத் தழும்பு என் கையில இருந்து நீ விழுந்தது. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் மாமா?"

அவர் சேலையின் மடிப்பை உள்ளங்கையால் தேய்த்துச் சரிசெய்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை, பாசமாகத்தான் சொன்னார்.

"நீ வந்த நாள்ல இருந்து எதாச்சும் கேட்டுக்கிட்டே இருக்க. சம்பளம் கேட்ட, எடம் கேட்ட, இப்ப ஏம்னு கேக்க. அவன் ஒண்ணும் கேக்கலல்லா."

கேட்பதற்கு எனக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூடிக்கொண்டேன்.

மாமா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு, என்றைக்கும் இல்லாத அதிசயமாக, என்னைப் பார்த்துச் சிரித்தார். "வா மருமவனே, இந்தச் சேலைல ஒரு முனையப் பிடி" என்றார்.